மாநிலம் கையை விரித்தால் ஊர் என்ன செய்யும்? நியூஜெர்சி பள்ளிகளுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

போன ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் இரவு, என் மகள் படிக்கும் மிடில் ஸ்கூலின் கஃபடீரியாவில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் மதியம் சாப்பிடுகிற மேசைகள் அவை, பெரியவர்கள் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். ஸ்கூல் போர்டின் பட்ஜெட் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டம். திரையில் ஒரு படம் காட்டினார்கள். செலவுக் கோடு மேலே போகிறது, மாநிலம் தரும் பணத்தின் கோடு கீழே இறங்குகிறது. நடுவில் விழுந்த இடைவெளிக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள்.

மைக் முன்னால் முதலில் வந்தவர் எழுபது தாண்டிய ஒரு பெண்மணி. கையில் சொத்து வரி பில். இங்கே அந்த பில்லோடு நான்கு துண்டுச் சீட்டுகள் வரும். ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, மே என்று காலாண்டுக்கு ஒன்றைக் கிழித்து செக்கோடு அனுப்ப வேண்டும். மூன்றைக் கிழித்தாகிவிட்டது. மிச்சமிருந்த மே மாதச் சீட்டைத் தூக்கிக் காட்டி, "இதை எதிலிருந்து கட்டுவேன் என்று எனக்கே தெரியவில்லை" என்றார். அவருக்கு அடுத்து வந்தவர் நம்மூர்க்காரர். "நான் இன்னும் சிட்டிசன் ஆகவில்லை, பேசலாமா?" என்று தலைவரிடம் கேட்டார். பேசலாம் என்றார்கள். மூன்றாம் வகுப்பில் 29 பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்தால், வாசிக்கத் திணறுகிற பையனை டீச்சர் எப்போது கவனிப்பார் என்று கேட்டார். அந்தப் பையன் அவர் மகன்.

இரண்டு பேர் கேட்டதும் நியாயம். ஒருவருக்குப் பதில் சொன்னால் இன்னொருவருக்கு இல்லை என்று ஆகிவிடுமோ என்றுதான் அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் இதைப் பற்றிப் படித்தேன். ஊருக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதில் யார் பணம் கொடுக்கிறார்கள், எதை நான் ஆதரிப்பேன் என்று எழுதிவைக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி பெரிதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது ஒரே ஒரு ஊர். நியூஜெர்சியில் 600க்குக் கொஞ்சம் குறைவான டிஸ்ட்ரிக்ட்டுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து போகிறது. இங்கே அதில் பெரும்பங்கு நம் வீட்டு வரியிலிருந்து போகிறது. 2024இல் மாநிலத்தின் சராசரி சொத்து வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கு. மாநிலம் ஒரு பங்கு தருகிறது. மத்திய அரசு தருவது மிகச் சொற்பம்.

மாநிலப் பங்கு எப்படிக் குறைகிறது? 2008இல் வந்த பள்ளி நிதிச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் ஊரில் இத்தனை பிள்ளைகள், அவர்களில் இத்தனை பேர் ஏழைகள், இத்தனை பேர் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே இவ்வளவு செலவாகும் என்று ஒரு தொகை போடுகிறது. அப்புறம் ஊரின் சொத்து மதிப்பையும் மக்களின் வருமானத்தையும் பார்த்து, "இவ்வளவு நீங்களே கொடுக்க முடியும்" என்கிறது. மிச்சம்தான் மாநிலம் தருவது. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோவிட்டுக்குப் பிறகு வீட்டு விலைகள் எகிறின. வீட்டை விற்காதவர் கையில் ஒரு டாலர்கூட கூடவில்லை. ஆனால் கணக்கில் ஊர் பணக்கார ஊராகிவிட்டது, உதவி குறைந்தது. இதோடு, 2018இல் கவர்னர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம், பழைய கணக்கில் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்த ஊர்களின் தொகையை ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்தது. டாம்ஸ் ரிவர், பிரிக், ஜெர்சி சிட்டி எல்லாம் அப்படி இழந்த ஊர்கள். 2024-25இல் மாநிலம் முழுவதும் பள்ளிகளுக்குப் போன பணம் அதுவரை இல்லாத உச்சம். அதே ஆண்டில் சுமார் 140 டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குக் குறைந்தது. இரண்டும் உண்மை. கவர்னர் மேடையில் சொல்வதும் பொய்யில்லை, நம் போர்டு புலம்புவதும் பொய்யில்லை.

குறைந்ததை ஊர் உடனே வரியாகப் போட்டுக்கொள்ளவும் முடியாது. 2010இல் வந்த சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, வரித் தொகையை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. சம்பளமும் மருத்துவக் காப்பீடும் பஸ் ஒப்பந்தமும் 2 சதவீதத்தில் நிற்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனை ஊர்தான், ஆனால் அளவுகள் எங்கள் பக்கத்து ஊர்களை ஒத்தவை. மொத்த பட்ஜெட் 10 கோடி டாலர். அதில் 7 கோடி வீட்டு வரி, இரண்டரைக் கோடி மாநில உதவி, மிச்சம் மற்றவை. செலவு 4 சதவீதம் கூடுகிறது, அதாவது 40 லட்சம். மாநில உதவி 3 சதவீதம் குறைகிறது, ஏழரை லட்சம். 2025-26 மாநில பட்ஜெட்டில் ஓர் ஊர் இழக்கக்கூடிய உச்சவரம்பே 3 சதவீதம்தான், அதனால் இது மிகைப்படுத்தியதல்ல. வரியை 2 சதவீதம் உயர்த்தினால் 14 லட்சம் வரும். துண்டு விழுவது 33 லட்சத்து 50 ஆயிரம் டாலர். இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, வெட்டுவது. போர்டு மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்த வேண்டாம், வரியும் 2 சதவீதத்தோடு நிற்கும். அதனாலேயே பெரும்பாலான ஊர்கள் இதற்குத்தான் முதலில் போகின்றன. ஆனால் எதை வெட்டலாம் என்று பார்த்தால் கை வைக்க முடிகிற இடம் சின்னது. சிறப்புக் கல்வி சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும், கொடுப்பதுதான் நியாயமும். சார்ட்டர் பள்ளிகளுக்கு (பொதுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துபவை) போகிற பணம், கடன் தவணை, காப்பீடு எதையும் தொட முடியாது. மிஞ்சுவது வகுப்பறை ஆசிரியர்கள், நூலகர், கவுன்சிலர், இசை, விளையாட்டு, பஸ்.

ஆசிரியர்களைக் குறைத்தால் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போவார். இந்த மாநிலத்தில் நான்கு ஆண்டுகள் முடித்தால்தான் டென்யூர், அதாவது வேலைப் பாதுகாப்பு, கிடைக்கும். அது இல்லாதவர்களுக்கு மே 15க்குள் அடுத்த ஆண்டு வேலை உண்டா இல்லையா என்று கடிதம் கொடுத்துவிட வேண்டும். என் மகளின் கணக்கு டீச்சர் மூன்றாம் ஆண்டுக்காரர். மே இரண்டாவது வாரத்தில் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த தன் போஸ்டர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார் என்று மகள் வந்து சொன்னாள். பின்னங்கள் அவளுக்குப் புரிந்ததே அந்த டீச்சரால்தான்.

இளையவர்கள் போவதில் பணக் கணக்கும் இருக்கிறது. அவர்கள் சம்பளம் குறைவு. சம்பளமும் காப்பீடும் சேர்த்து ஒருவருக்கு 85,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 33.5 லட்சத்தை மிச்சப்படுத்த 39, 40 பேரை அனுப்ப வேண்டும். மூத்தவர்களாக இருந்தால் அதைவிடக் குறைவான பேர் போதும், ஆனால் சட்டம் அப்படி இல்லை. 40 ஆசிரியர்கள் என்றால் ஒரு சின்ன தொடக்கப் பள்ளியையே காலி செய்தது மாதிரி.

பஸ் விஷயம் இன்னும் நேரடியானது. தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் வீடு இரண்டு மைலுக்கு மேல் இருந்தால், ஹைஸ்கூல் என்றால் இரண்டரை மைலுக்கு மேல் இருந்தால்தான் பஸ் விடுவது கட்டாயம். அதற்கு உள்ளே இருப்பவர்களுக்கு விடுவது ஊரின் விருப்பம். பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் அதை நிறுத்துவார்கள், அல்லது கட்டணம் வசூலிப்பார்கள். ஒன்றரை மைல் தொலைவில் இருந்துகொண்டு, நடைபாதை இல்லாத சாலையில், ஜனவரிக் குளிரில் ஏழு வயதுப் பிள்ளையை நடக்கவிட யாருக்கும் மனம் வராது. ஆக பணம் கட்டுவோம். அதற்குப் பெயர் வரி இல்லை, அவ்வளவுதான். விளையாட்டுக்குக் கட்டணம், பேண்டுக்குக் கட்டணம், பிறகு வெளியே கணக்கு ட்யூஷன். வரி என்றால் ஊர் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும். கட்டணம் என்றால் பிள்ளை இருக்கிற வீடு மட்டும் கொடுக்கும். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை பேண்டை விட்டுவிடும்.

இரண்டாவது வழி, சேமிப்பை எடுப்பது, கையில் இருப்பதை விற்பது. கூட்டத்தில் பலர் இதைத்தான் கேட்டார்கள்: "ரிசர்வில் பணம் இல்லையா?" சட்டப்படி ஒரு டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட்டில் 2 சதவீதத்துக்கு மேல் பொது உபரியாக வைத்துக்கொள்ளக் கூடாது. கூடுதலாக இருந்தால் அடுத்த பட்ஜெட்டில் வரியைக் குறைக்கப் பயன்படுத்த வேண்டும். நம் கற்பனை ஊரில் 2 சதவீதம் என்றால் 20 லட்சம். அதை ஒரு டாலர் விடாமல் துடைத்து எடுத்தாலும் 33.5 லட்சம் நிரம்பாது. அடுத்த ஆண்டு பாய்லர் வெடித்தால் கையில் ஒன்றும் இருக்காது. டாம்ஸ் ரிவர் தன் தலைமை அலுவலகக் கட்டடத்தையே விற்க முன்வந்தது. கட்டடத்தை ஒரு முறைதான் விற்கலாம், சம்பளம் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். கோவிட் காலத்தில் மத்திய அரசு கொடுத்த பணத்திலும் இதே பாடம்தான் கிடைத்தது. அது 2024 செப்டம்பர் 30ஓடு நின்றது. அந்தப் பணத்தை நம்பி நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்த ஊர்கள் மறு ஆண்டே தவித்தன. கூரை மாற்ற, கணினி வாங்க, ஓர் ஆண்டு மூச்சுவிட, சேமிப்பு சரி. சம்பளத்துக்கு அது வழியே இல்லை.

மாநிலத்திடம் கடன் வாங்குவது என்று ஒன்றும் உண்டு. லேக்வுட் டிஸ்ட்ரிக்ட் ஆண்டுக்கணக்கில் அப்படி வாங்கி, பாக்கி 10 கோடி டாலரைத் தாண்டியது. தவணையை மாநில உதவியிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். ஆக உதவி மேலும் குறைகிறது. இதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

மூன்றாவது, பக்கத்து ஊரோடு சேர்வது. 600 டிஸ்ட்ரிக்ட், ஏறக்குறைய அத்தனை சூப்பரின்டென்டென்ட் (டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரி) என்ற கோபம் எல்லாருக்கும் இருக்கிறது, நியாயமும்கூட. லாம்பர்ட்வில், ஸ்டாக்டன், வெஸ்ட் ஆம்வெல் பள்ளிகள் 2013இல் வாக்கெடுப்பு நடத்தி 2014 ஜூலையில் சவுத் ஹன்டர்டன் என்று ஒன்றாயின. அட்லான்டிக் ஹைலாண்ட்ஸும் ஹைலாண்ட்ஸும் 2023இல் வாக்களித்து 2024 ஜூலையில் சேர்ந்தன. எல்லாம் சிறிய ஊர்கள். சின்ன ஊருக்கு இது நல்ல வழி, சேரலாமா என்று ஆராய்வதற்கு 2022 சட்டப்படி மாநிலமே பணம் தருகிறது. ஆனால் எடிசன் மாதிரி பெரிய ஊருக்கு இதில் பெரிய மிச்சம் எதுவும் இல்லை. சின்ன ஊரிலும் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். வரும் ஜூலையில் தொடங்கும் பட்ஜெட்டில் துண்டு விழுகிறவர்களுக்கு இது மருந்தாகாது.

நான்காவது, மாநிலத் தலைநகரான ட்ரென்டனின் கதவைத் தட்டுவது. கோர்ட்டுக்குப் போவதும் அதில் சேர்த்தி. நியூஜெர்சி அளவுக்கு இதில் வரலாறு உள்ள மாநிலம் குறைவு. 5 முதல் 18 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுமையான, திறமையாக நடக்கிற இலவசப் பள்ளிகளை அரசு நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் 1875இலேயே எழுதிவிட்டார்கள். வெறும் வீட்டு வரியை நம்பிப் பள்ளி நடத்துவது அதற்குப் பொருந்தாது என்று 1973இல் ராபின்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டமன்றம் இழுத்தடித்தது. 1976 ஜூலையில் நீதிமன்றம் பள்ளிகளுக்குச் செலவு செய்யத் தடை போட்டது. சில நாட்களில் மாநிலத்துக்கு வருமான வரியே பிறந்தது. இன்று நம் பே ஸ்டப்பில் நியூஜெர்சி வருமான வரி என்று பிடிக்கிறார்களே, அதன் பிறப்புக் கதை இது.

பிறகு ஏழை ஊர்ப் பள்ளிகளுக்குப் போதிய பணம் கேட்டு ஆபட் வழக்கு. 1981இல் தொடுத்தார்கள், பெரிய தீர்ப்பு 1990இல் வந்தது. வழக்குப் போட்ட அன்று கிண்டர்கார்டன் சேர்ந்த பிள்ளைக்கு அப்போது 14 வயது. கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி 2010இல் பள்ளி உதவியில் 80 கோடி டாலருக்கு மேல் வெட்டியபோது மறுபடி நீதிமன்றம் போனார்கள். 2011இல் 50 கோடியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம், ஆனால் ஆபட் வழக்கில் இருந்த 31 ஏழை டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு மட்டும். மற்ற ஊர்கள் இழந்தது இழந்ததுதான்.

சட்டமன்றத்தைத் தட்டுவதில் கொஞ்சம் சீக்கிரம் பலன் தெரிகிறது. 2024 வசந்தத்தில் உதவி இழந்த ஊர்கள் கூச்சல் போட்டதால்தான் இழந்ததில் 45 சதவீதத்தைத் திருப்பித் தரும் சட்டம் மே மாதம் வந்தது. 2025-26இல் 3 சதவீத உச்சவரம்பு வந்ததும், சொத்து மதிப்பை ஓர் ஆண்டுக்குப் பதில் பல ஆண்டுகளின் சராசரியாக எடுக்கத் தொடங்கியதும் அந்தக் கூச்சலால்தான். இதை விடக் கூடாது. ஆனால் இதை மட்டும் நம்பி ஜூலை வரை உட்கார்ந்திருக்கவும் முடியாது.

மிச்சமிருப்பது வரி. 2 சதவீதத்தைத் தாண்ட வேண்டுமானால் போர்டு மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும், பாதிக்கு மேல் ஆம் என்றால் போதும். 2024 சட்டம் உதவி இழந்த சில ஊர்களுக்கு வாக்கெடுப்பு இல்லாமலே 9.9 சதவீதம் வரை ஒரு முறை உயர்த்த அனுமதித்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பணம் கொடுப்பவரிடம் கேட்காமல் எடுத்தால் அடுத்த முறை அவர் எதற்கும் கை தூக்க மாட்டார். 2010 ஏப்ரலில் மாநிலம் வெட்டிய பணத்தை ஈடுகட்டப் போட்ட பட்ஜெட்டுகளைப் பாதிக்கும் மேற்பட்ட ஊர்களில் மக்கள் தோற்கடித்தார்கள். அந்தக் கோபத்திலிருந்துதான் 2 சதவீத வரம்பு வந்தது.

வாக்கெடுப்புக்குப் போனால் எவ்வளவு? 33.5 லட்சத்தை 7 கோடி வரியின் மேல் போட்டால் 4.8 சதவீதம். சராசரி வீட்டின் பள்ளி வரி 5,300 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு சுமார் 254 டாலர். காலாண்டுச் சீட்டில் 63 டாலர், மாதம் 21. இது வழக்கமான 2 சதவீதத்துக்கு, அதாவது 106 டாலருக்கு, மேலே வருவது. எங்கள் வீட்டுக்கு 254 டாலர், பஸ்ஸுக்கும் பேண்டுக்கும் தனித்தனியாகக் கட்டுவதைவிடக் குறைவு. இரண்டு சம்பளம் வருகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சுலபமாகச் சொல்லலாம்.

அந்தப் பெண்மணிக்கு? இந்த இடத்தில்தான் என் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாநிலத்திடம் தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. சீனியர் ஃப்ரீஸ் திட்டம், தகுதி பெற்ற ஆண்டுக்குப் பிறகு கூடிய வரியைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆங்க்கர் என்ற வரிச் சலுகைத் திட்டம் ஒரு தொகை தருகிறது. ஸ்டே நியூஜெர்சி, வருமான வரம்புக்குள் இருக்கும் மூத்தவர்களின் வரியில் பாதியை, ஓர் உச்சவரம்பு வரை, மற்ற இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு ஈடுகட்டுகிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம், பெயர் பிஏஎஸ்-1. முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டியிருப்பது குறைதான், மே மாதச் சீட்டின் கவலை அதனால் முழுதாகத் தீராது. ஆனால் கூடுகிற 254 டாலர் அவரை வீட்டைவிட்டு விரட்டாமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது. வாசிக்கத் திணறுகிற மூன்றாம் வகுப்புப் பையனுக்கு அப்படி எந்தப் படிவமும் இல்லை. அவனுக்கு மூன்றாம் வகுப்பு ஒரு முறைதான் வரும்.

அதனால் நான் வாக்கெடுப்பை ஆதரிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கேள்வியில் எத்தனை ஆசிரியர், எந்த வகுப்பு, எந்த பஸ் என்று எழுதியிருக்க வேண்டும். உயர்வு நிரந்தரமா, ஓர் ஆண்டுக்கா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். நிர்வாக அலுவலகச் செலவில் போர்டு முதலில் எதைக் குறைத்தது என்று காட்ட வேண்டும். போர்டு இணையதளத்தில் யூசர் ஃப்ரெண்ட்லி பட்ஜெட் என்று ஒன்று போட்டாக வேண்டும், அதைத் திறந்தால் நிர்வாகச் செலவும் உபரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இது எதுவும் சொல்லாமல் "தரமான கல்விக்காக" என்று மட்டும் கேட்டால் நான் இல்லை என்றே போடுவேன்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்1பியிலும் க்ரீன் கார்டிலும் இருக்கும் எத்தனையோ குடும்பங்கள் முழு வரி கட்டுகின்றன, வாக்கு இல்லை. ஆனால் மைக் இருக்கிறது. கவர்னர் பட்ஜெட் உரை பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும், இரண்டே நாளில் உங்கள் ஊருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஊர்க் கூட்டம் ஏப்ரல் கடைசியில். வாக்கு உள்ளவர்கள் தேர்தலுக்கு 21 நாள் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்களோடு நிறுத்திவிடாமல் பொதுக் கேள்விகள் இருக்கும் பகுதியையும் தேடிப் பாருங்கள்.

கூட்டம் முடிந்து பார்க்கிங்கில் அந்தப் பெண்மணியிடம் சீனியர் ஃப்ரீஸ் பற்றிக் கேட்டேன். கேள்விப்பட்டதில்லை என்றார். மறுநாள் லைப்ரரியில் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக நிரப்பினோம். வீடு வாங்கிய ஆண்டு என்ற கட்டத்தில் 1984 என்று எழுதினார்.